திருநகர் பக்கம் வீட்டிலிருந்தே ஒரு மாத இதழ்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மல்லிகைப்பந்தல்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு டி.டி.பி. சென்டரில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர் எல்லாம் டைப் அடித்து லே-அவுட் போட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் கை மறக்கவில்லை, வீட்டில் கம்ப்யூட்டரும் இருக்கிறது, பையன் பள்ளிக்கூடம் போய்விட்டால் சாயங்காலம் வரை நேரமும் இருக்கிறது.

திருநகர், ஹார்விபட்டி, பசுமலை, திருப்பரங்குன்றம், விளாச்சேரி, நிலையூர். இவ்வளவுதான் எல்லை. இந்த ஊர்களுக்கென்று ஒரு மாத இதழ் கொண்டுவர ஆசை. பெரிய பத்திரிகைகளின் மதுரைப் பதிப்பில் எங்கள் பக்கம் அடிபடுவது ஒன்று திருவிழாவுக்கு, இல்லாவிட்டால் விபத்துக்கு. விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன, நிலையூரில் தறி இருக்கிறது, மில் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஹார்விபட்டியில் பழைய ஆட்கள் இன்னும் திண்ணையில் உட்கார்ந்து ஷிப்ட் கதை பேசுகிறார்கள். இதையெல்லாம் யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

பொழுதுபோக்குக்காகக் கேட்கவில்லை, மாதா மாதம் வீட்டுக்குக் கொஞ்சம் பணம் வர வேண்டும். கையில் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கிறது. அரசாங்கப் பதிவு எப்படி, எத்தனை பிரதி அடிப்பது, மதுரையிலா சிவகாசியிலா, விளம்பரம் எப்படிக் கேட்பது? எதுவானாலும் சொல்லுங்கள்.

மேலூர்க்காரி:

தங்கச்சி, நல்ல காரியம். நான் மேலூர்ப் பக்கம் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறேன், இரண்டு மாதத்துக்கு ஒன்று வருகிறது. முதலில் சொல்ல வேண்டியது, எல்லையை இதற்கு மேல் விரிக்காதீர்கள். "மதுரை மாவட்டம் முழுவதும்" என்று போட்டால் பெருமையாக இருக்கும், ஆனால் திருமங்கலம் ஜவுளிக்கடைக்காரர் "திருநகர் ஆள் என் கடைக்கு வரவா போகிறார்" என்பார், திருநகர்க்காரரும் அதையே திருப்பிச் சொல்வார். ஐந்தாறு ஊருக்குள் நின்றால், பேக்கரிக்காரருக்குத் தன் விளம்பரம் யார் யார் கண்ணில் படும் என்று முகம் முகமாகத் தெரியும். காசு வருவது அந்த நம்பிக்கைக்குத்தான்.

இரண்டாவது, உங்களிடம் இருக்கிற பணத்தை அச்சுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், அது கையிருப்பாகவே இருக்கட்டும். முதல் இதழின் அச்சுக்கூலி முழுவதும் விளம்பரத்திலும் சந்தாவிலும் வந்த பிறகுதான் ஃபைல் அச்சகத்துக்குப் போக வேண்டும். மாதிரி இதழ் ஒன்று, எட்டுப் பக்கம் போதும், வீட்டு பிரிண்டரிலேயே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாகப் போங்கள். வாயால் சொன்னால் எந்தக் கடைக்காரருக்கும் புரியாது, தாளைக் காட்டினால் உடனே "எனக்கு எந்த இடம்" என்று கேட்பார்.

வாடிப்பட்டி வாசகன்:

மனசு நோகச் சொல்லவில்லை, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. தெருவுக்குத் தெரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கரண்ட் கட், குழாய் தண்ணீர், யார் வீட்டில் நாய் காணாமல் போனது வரைக்கும் அதில் வந்துவிடுகிறது. இதைத் தாளில் அச்சடித்து மாதம் ஒரு முறை கொடுத்தால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? பேப்பர் விலை வேறு ஏறிக்கொண்டே போகிறது. ஆன்லைனில் நடத்திவிட்டுப் போகலாமே?

மேலூர்க்காரி:

தம்பி, கரண்ட் கட் செய்திக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பத்திரிகையில் அதிகம் பணம் வருகிற இடம் எது தெரியுமா? குடும்ப விளம்பரம். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, காதணி விழா, வசந்த விழா, மணிவிழா, பிள்ளை பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலிடம் என்று போட்டோவோடு வாழ்த்து. நம் மதுரை வட்டாரத்தில் இவற்றுக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் வைக்காத வீடு உண்டா? அந்த ஃப்ளெக்ஸ் நாலு நாளில் கிழிந்து ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகிறது. பத்திரிகையில் வந்தால் பத்துப் பிரதி வாங்கிச் சொந்தக்காரருக்கெல்லாம் அனுப்புகிறார்கள், ஒன்றை பீரோவில் வைக்கிறார்கள்.

இதில் கவனமாக இருக்க வேண்டியது ஒன்று உண்டு. நினைவஞ்சலிக்கு வருகிறவரிடம் கடைக்காரரிடம் பேசுவதுபோல் பேசக் கூடாது. போட்டோவை வாங்கி, பழைய படமாக இருந்தால் ஸ்கேன் செய்து கறை எடுத்து, தோற்றம் மறைவு தேதிகளை அவர்கள் வாயால் இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதி, "இப்படிக்கு" என்பதன் கீழ் வருகிற பெயர்களின் வரிசையை வீட்டில் மூத்தவரிடமே கேட்டு வாங்க வேண்டும். மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி. இந்த வரிசை ஒன்று மாறினாலும் வீட்டுக்குள் சண்டை. அச்சுக்குப் போகும் முன் அவர்கள் கையெழுத்து வாங்கிய ப்ரூஃப் (சரிபார்க்கிற மாதிரிப் படி) உங்களிடம் இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு இதை ஒழுங்காகச் செய்து கொடுத்தால், அந்தத் தெருவே அடுத்து உங்களிடம் வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902ல் செந்தமிழ் இதழைத் தொடங்கிய ஊர் இது. பாரதியின் கவிதை முதன்முதலாக அச்சில் வந்ததும் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்த விவேகபானு இதழில்தான், 1904ல். அதே ஆண்டுதான் அவர் சேதுபதி பள்ளியில் கொஞ்ச காலம் தமிழாசிரியராக இருந்தார். அன்றைக்கு யாருக்கும் தெரியாத ஒருவர் எழுதியதைப் போடுவதற்கு ஊரில் ஒரு பத்திரிகை இருந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது அடுத்த வாரம் எங்கே இருக்கும் என்று தேடிப் பாருங்கள்.

அச்சுமை:

நான் அச்சுத் தொழிலில் இருக்கிறேன், மதுரையில் வேலை எடுத்து சிவகாசியில் அடித்துக் கொடுக்கிறேன், அதனால் அச்சு பற்றி மட்டும் சொல்கிறேன் சகோதரி.

500 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் பில்லில் இரட்டிப்பு வித்தியாசம் வராது. பிளேட், மெஷின் செட்டிங், கலர் பிடிக்கும் வரை வீணாகிற தாள் இவையெல்லாம் எத்தனை அடித்தாலும் ஒன்றுதான், கூடுவது பேப்பரும் ஸ்டேப்பிள் பின் அடிக்கிற கூலியும்தான். அதற்காக 2,000 அடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைக்கவும் வேண்டாம், பழைய மாத இதழை யாரும் தொட மாட்டார்கள். 300க்குக் கீழே என்றால் பிளேட் போட்டு அடிக்கிற ஆஃப்செட் கட்டாது, டிஜிட்டல் பிரிண்டில் போய்விடுங்கள்.

பக்கம் எப்போதும் நாலின் மடங்கில் வர வேண்டும், நடுவில் பின் அடிப்பதால். 16 பக்கம் ஒரு ஃபாரம் (ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகிற பக்கங்கள்), அதனால் உள்ளே 16 அல்லது 32 என்று வைத்தால் தாள் வீணாகாது, 20, 28 என்று வைத்தால் வீணாகிற தாளுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். உள்ளே ஒரே கலர், 70 ஜி.எஸ்.எம். கனத்தில் மேப்லித்தோ என்கிற சாதாரண வெள்ளைத் தாள், ரேப்பர் (மேலட்டை) மட்டும் ஆர்ட் பேப்பரில் மல்டிகலர். தொடக்கத்துக்கு இது போதும். ரேப்பரில் நாலு பக்கமும் கலர் கிடைப்பதால் அதில் மூன்றை விளம்பரத்துக்கு விற்றுவிடலாம்.

நீங்கள் டி.டி.பி.யில் இருந்தவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய பேஜ்மேக்கர் சாஃப்ட்வேர், பாமினி ஃபான்ட் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எழுதித் தருகிறவர்கள் எல்லாரும் போனில் யூனிகோடில்தான் அடித்து அனுப்புவார்கள், அதை மாற்றி மாற்றிப் போட்டால் எழுத்து உடையும். இன்டிசைன் என்கிற லே-அவுட் சாஃப்ட்வேரில் வேர்ல்ட் ரெடி கம்போஸர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைப் போடாவிட்டால் கொ, கோ எல்லாம் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கும். எழுத்துக்கு வெறும் கறுப்பு மட்டும் வையுங்கள். நாலு கலர் கலந்த கறுப்பு வைத்தால் மெஷினில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தெரியும். ஓரத்தில் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போகிற கூடுதல் இடம்) விடுங்கள். தமிழுக்குப் பக்கத்தை மூன்று நெடும்பத்தியாகப் பிரிக்க வேண்டாம், நீளச் சொற்கள் உடைந்து இடையிடையே வெள்ளை விழும், இரண்டு பத்தியே அழகு.

சிவகாசி வேண்டுமானால் காலம் பாருங்கள். ஆடிப் பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டார்கள் என்றால், அதிலிருந்து டிசம்பர் வரை காலண்டரும் டைரியும்தான் மெஷினில் ஓடும், உங்கள் 1,000 பிரதி மாத இதழ் வரிசையில் கடைசியில் நிற்கும். மாதம் தவறக் கூடாது என்றால் மதுரையிலேயே வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில் ஒரு அச்சகத்தைப் பிடியுங்கள், ரேட் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கணக்குப்பிள்ளை:

பதிவு பற்றிக் கேட்டீர்கள். முன்பு 1867ஆம் ஆண்டுச் சட்டம், கலெக்டர் ஆபீஸில் டிக்ளரேஷன் கொடுத்து அலைய வேண்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு 2023ல் புதுச் சட்டம் வந்து, 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆர்.என்.ஐ. என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த செய்தித்தாள் பதிவாளர் அலுவலகத்துக்கு இப்போது பிரஸ் ரெஜிஸ்ட்ரார் ஜெனரல் என்று பெயர். அவர்களுடைய பிரஸ் சேவா என்கிற இணையதளப் போர்ட்டலில் தலைப்புக்கும் பதிவுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம், அதுவே மாவட்ட நிர்வாகத்துக்கும் போய்விடும், அவர்கள் கருத்துச் சொல்ல 60 நாள். வீட்டு முகவரியிலேயே வெளியிடலாம்.

தலைப்பை யோசித்து வையுங்கள். தமிழில் இந்தியாவில் எங்கேயும், வேறு மொழியில் என்றால் தமிழ்நாட்டுக்குள், அதே பெயரோ அதைப் போன்ற பெயரோ வேறொருவரிடம் இருந்தால் கிடைக்காது. ஊர்ப் பெயர் சேர்ந்த தலைப்புக்கு வாய்ப்பு அதிகம். நாலைந்து மாற்றுப் பெயர்கள் கையில் இருக்கட்டும். பெயர் உறுதியாகும் முன் போர்டும் ரப்பர் ஸ்டாம்ப்பும் செய்யாதீர்கள். நீங்கள் பிடிக்கிற அச்சகமும் அந்தப் போர்ட்டலில் தகவல் கொடுத்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள்.

வரி: இதழ் விற்பனைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அச்சு ஊடகத்தில் விளம்பர இடம் விற்பதற்கு 5 சதவீதம், ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவே எடுக்க வேண்டியதில்லை. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பேங்கில் பத்திரிகை பெயரில் தனிக் கணக்கு தொடங்குங்கள், வீட்டுச் செலவும் பத்திரிகைச் செலவும் ஒரே கணக்கில் ஓடினால் ஆறு மாதத்தில் லாபமா நஷ்டமா என்றே தெரியாது.

புதூர் பேனா:

பதிவெல்லாம் எதற்கு? "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று உள்ளட்டையில் போட்டுவிட்டு எத்தனையோ சிற்றிதழ்கள் காலங்காலமாக வருகின்றன. நானும் நண்பர்களோடு சேர்ந்து கவிதை இதழ் கொண்டுவந்திருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை.

கணக்குப்பிள்ளை:

நண்பரே, கவிதையும் கதையும் மட்டும் போட்டு நண்பர்களுக்குள் சுற்றுவது வேறு. புதுச் சட்டம் சொல்வது பொதுச் செய்தியும் அதன் மேல் கருத்தும் தாங்கிக் குறித்த இடைவெளியில் வருவதை. இவர் சாலை, கண்மாய், மாநகராட்சி என்று எழுதப் போகிறார், விலை போட்டுக் கடையில் தொங்கவிடப் போகிறார், விளம்பரம் வாங்கப் போகிறார். இதைத் தனிச்சுற்று என்று எந்த அதிகாரியிடம் சொல்வது? பதிவில்லாமல் வெளியிட்டால் 5 லட்சம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கண்மாயை யாரோ வளைத்திருக்கிறார்கள் என்று ஒரு செய்தி போட்டால், அடுத்த நாள் அவர் முதலில் பார்க்கப் போவது உங்கள் பதிவு எண்ணைத்தான். பதிவு எடுத்த பிறகும் ஆண்டறிக்கை ஆண்டுதோறும் கொடுக்க வேண்டும், மறந்தால் அதற்கும் அபராதம் உண்டு.

புதூர் பேனா:

சரி, செய்தி இதழுக்கு நீங்கள் சொல்வது நியாயம்தான். கவிதை இதழை வைத்து இதைச் சொல்லக் கூடாது.

தபால்பெட்டி:

அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அம்மா, மாதம் ஒன்று என்ற உங்கள் முடிவை மாற்றாதீர்கள். பதிவு பெற்ற செய்தித்தாளுக்கு அஞ்சலில் நீண்ட காலமாக ஒரு சலுகைக் கட்டணம் உண்டு, பைசாக் கணக்கில் போய்ச் சேரும். அதற்கு முக்கியமான நிபந்தனை இரண்டு: இதழ்களுக்கு இடைவெளி 31 நாளுக்கு மேல் போகக் கூடாது, உண்மையான சந்தாதாரர் பட்டியல் இருக்க வேண்டும். காலாண்டிதழ், இருமாத இதழ் நடத்துகிறவர்கள் இந்தச் சலுகைக்குள் வர முடியாது. முதலில் பிரஸ் பதிவு, அப்புறம் கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் இதற்குத் தனியாக விண்ணப்பம். கிடைத்த பின் அந்த எண்ணை இதழில் அச்சிட்டு, குறித்த தேதியில் குறித்த அலுவலகத்தில்தான் போட வேண்டும். தேதி தவறினால் முழுக் கட்டணம்.

2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட் என்கிற அஞ்சல் சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய் என்று சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள், அது கல்வி, பண்பாட்டு நூல்களுக்கு. விளம்பரம் தாங்கிய வெளியீடுகளுக்குப் பொருந்தாது.

ஆனால் உங்கள் எல்லைக்குள் தபாலே வேண்டியதில்லை. காலையில் பேப்பர் போடுகிற பையன்களைப் பிடியுங்கள். திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் விடிகாலை பண்டில் பிரிக்கிற இடத்துக்குப் போனால் ஏஜென்டே அங்கே இருப்பார், பிட் நோட்டீஸ் வைப்பதற்கு வாங்குகிற கணக்கில் ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம். தபால் வெளியூரில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்.

மல்லிகைப்பந்தல்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. தபால்பெட்டி ஐயா சொன்னது எனக்குத் தெரியவே தெரியாது. மேலூர் அக்கா, ஒரு கேள்வி. ஆயுள் சந்தா என்று மொத்தமாக ஒரு தொகை வாங்கலாமா? எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் தருகிறேன் என்கிறார்கள். அப்புறம் கடைகளில் விற்பனைக்கு எத்தனை போடுவது?

மேலூர்க்காரி:

ஆயுள் சந்தா இப்போது வேண்டவே வேண்டாம். அந்தப் பணம் மூன்று மாதத்தில் அச்சுக்குப் போய்விடும், அந்த வீட்டுக்குப் பத்திரிகை போட வேண்டிய கடமை மட்டும் வருஷக்கணக்கில் நிற்கும். பத்திரிகை நின்றுவிட்டால் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. ஓராண்டுச் சந்தா மட்டும் வாங்குங்கள், அதிலும் கையில் ரசீது கொடுங்கள், முடிகிற மாதத்தை முகவரிச் சீட்டிலேயே போடுங்கள்.

சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 1,000 பிரதிக்கு எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய் ஆகிறது, விலை 20 ரூபாய். பின்னட்டை 3,000, உள்ளட்டை இரண்டும் 4,000, கால் பக்க விளம்பரம் 500 வீதம் 16 கிடைத்தால் 8,000. ஆக 15,000. சந்தாதாரர் 300 பேர் என்றால் மாதத்துக்கு 6,000. இப்போதுதான் செலவைத் தாண்டுகிறீர்கள். கடையில் விற்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கடைக்காரர் கமிஷன் கால் பங்குக்குக் குறையாது, விற்காத பிரதியைக் கட்டித் திருப்பித் தருவார், விற்ற பணத்தை "அடுத்த வாரம் வாங்க" என்பார். ஐந்தாறு கடையில் பத்துப் பத்துப் போடுங்கள், கண்ணில் படுவதற்கு. மீதியை சலூன், கிளினிக், பேங்க் வாசல் என்று நாலு பேர் காத்திருக்கிற இடத்தில் சும்மா கொடுங்கள், ஒரு பிரதியை முப்பது பேர் புரட்டுவார்கள், விளம்பரக்காரருக்கு அதுதான் வேண்டும்.

பெரிய நகைக்கடை, ஜவுளிக்கடை வாசலில் தவம் கிடக்காதீர்கள், அங்கே முடிவெடுப்பவர் அந்தக் கடையிலேயே இருக்க மாட்டார். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருக்கிற கடைக்குப் போங்கள். டியூஷன் சென்டர், பாத்திரக்கடை, பல் டாக்டர், டூ வீலர் மெக்கானிக், கேட்டரிங். பள்ளிக்கூட விளம்பரத்துக்குச் சித்திரையில் போனால் கிடைக்கும், ஆவணியில் போனால் டீ மட்டும் கிடைக்கும். கல்யாண மண்டபக்காரரிடம் ஆடியிலும் மார்கழியிலும் கேட்கவே கேட்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று சொல்லுங்கள், மாதா மாதம் வசூலுக்கு அலைகிற வேலை மிச்சம்.

அச்சுமை:

அக்கா சொன்னதோடு ஒன்று. விளம்பரத்தில் இருக்கிற ஒவ்வொரு போன் நம்பரையும், ப்ரூஃபைப் பார்த்து உங்கள் போனிலிருந்து அடித்துப் பாருங்கள். கட்டுரையில் ஒற்றுப்பிழை வந்தால் தமிழ் ஐயா மட்டும் திட்டுவார், நம்பரில் ஒரு இலக்கம் மாறினால் அந்தக் கடைக்காரர் காசு தரமாட்டார், கூடவே யாரோ ஒருவருக்கு மாதம் முழுக்க "பரோட்டா பார்சல் இருக்கா" என்று போன் வரும்.

வாடிப்பட்டி வாசகன்:

நினைவஞ்சலி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் அப்பாவுக்கு ஃப்ளெக்ஸ் வைத்தோம், அது இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது. நான் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் உள்ளே என்ன வரும் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே? விளம்பரமும் நினைவஞ்சலியும் மட்டும் இருந்தால் அது பிட் நோட்டீஸ்தானே?

மல்லிகைப்பந்தல்:

நல்ல கேள்வி அண்ணா, அதுதான் எனக்கும் முக்கியம். ஒவ்வொரு இதழிலும் ஒரு தொழில், ஒரு தெரு, ஒரு நீர்நிலை என்று வைத்திருக்கிறேன். முதல் இதழுக்கு விளாச்சேரி. போன வாரம் போய்ப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் வரிசையாகத் தசாவதாரம் காய்கிறது, எல்லாவற்றுக்கும் உடம்புக்கு வண்ணம் அடித்தாயிற்று, கண் மட்டும் இன்னும் திறக்கவில்லை. கண் எழுதுகிற வேலையை அந்த வீட்டில் ஒரே ஒரு அம்மாதான் செய்வாராம், வெளிச்சம் நன்றாக இருக்கிற முற்பகலில் மட்டும். கொலு முடிந்தால் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள், மண் எங்கிருந்து எடுக்கிறார்கள், மழை நாளில் என்ன செய்கிறார்கள், பிள்ளைகள் இந்த வேலைக்கு வருகிறார்களா, எல்லாம் கேட்டு எழுதி வந்திருக்கிறேன். தென்கால் கண்மாயைப் பற்றி ஒரு விவசாயி சொல்லச் சொல்ல எழுதுவதாகப் பேச்சு.

மேலூர்க்காரி:

இதுதான் பத்திரிகை. அந்த அம்மாவின் பெயரையும் படத்தையும் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள், இதழ் வந்ததும் முதல் பிரதியை நீங்களே கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள். நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்பே அந்த இதழ் வர வேண்டும், பொம்மை வாங்குகிறவர்கள் அப்போதுதான் கிளம்புவார்கள்.

கண்மாய் விஷயத்தில் ஆக்கிரமிப்பு என்று ஒருவரைப் பெயர் சொல்லி எழுதினால் கையில் ஆவணம் இருக்க வேண்டும், அவர் தரப்பையும் கேட்டுப் போட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுப் பதில் வாங்கிவிட்டு எழுதுங்கள். இணையத்தில் கிடைத்த படம் எதையும் எடுத்துப் போடாதீர்கள், உங்கள் போனிலேயே எடுத்த படம் போதும்.

கணக்குப்பிள்ளை:

கடைசிப் பக்கத்தின் அடியில் வெளியிடுபவர், அச்சிடுபவர், ஆசிரியர் பெயர்கள், அச்சிட்ட இடம், வெளியிட்ட இடம் இவை இல்லாமல் ஒரு இதழும் வெளியே போகக் கூடாது. பொது நூலகங்களுக்குப் புத்தகமும் செய்தித்தாளும் அனுப்பச் சொல்கிற 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகம், கொல்கத்தா தேசிய நூலகம் முதலிய நூலகங்களுக்கு ஒவ்வொரு இதழும் அனுப்ப வேண்டும், அதையும் அச்சுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மல்லிகைப்பந்தல்:

குறித்துக்கொண்டேன் சார். நாளைக்கு போர்ட்டலில் தலைப்புகளைப் பார்க்கிறேன், இந்த வாரமே மாதிரி இதழோடு இரண்டாவது ஸ்டாப்பிலிருந்து கடைகளுக்குப் போக ஆரம்பிக்கிறேன். அச்சுமை அண்ணா, 32 பக்கம், ஒரே கலர், ரேப்பர் மட்டும் மல்டிகலர், 1,000 பிரதிக்கு ஒரு கொட்டேஷன் தனிச்செய்தியில் அனுப்புவீர்களா?

அச்சுமை:

அனுப்புகிறேன். சைஸ் பெரியதான கிரவுன் நாலா, சிறியதான டெம்மி எட்டா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். விளம்பரம் நிறைய வேண்டுமென்றால் கிரவுன் நாலு, கால் பக்கத்தில்கூட ஒரு போட்டோவும் நாலு வரியும் தாராளமாக நிற்கும்.